பழைய அக்கார்டியன் வாங்கப் போகிறீர்களா? 120 பேஸா, 48 பேஸா, நடுவில் ஒன்றா?

"இருபது வருஷமா யாரும் தொடவே இல்ல, புதுசு மாதிரி இருக்கு." பழைய அக்கார்டியன் விற்கிறவர்கள் பெருமையாகச் சொல்லும் வரி இது. வாங்குகிறவர் உஷாராக வேண்டிய இடமும் இதுதான். கிடார் இருபது வருடம் பரணில் கிடந்தாலும் பெரும்பாலும் கம்பி மாற்றி வாசித்துவிடலாம். அக்கார்டியனுக்குள் மெழுகு, தோல், அட்டை, எஃகு எல்லாம் இருக்கின்றன. சும்மா கிடந்தால் நான்குமே கெடும். போன ஞாயிற்றுக்கிழமை வரை சர்ச்சிலோ கச்சேரியிலோ வாசித்த, மூலையெல்லாம் தேய்ந்த பெட்டி ஒன்றும், பளபளவென்று பரணில் இருந்த பெட்டி ஒன்றும் ஒரே விலைக்குக் கிடைத்தால், நான் யோசிக்காமல் தேய்ந்ததைத்தான் எடுப்பேன்.

கீபோர்டோ ஹார்மோனியமோ கொஞ்சம் தெரியும், அக்கார்டியன் ஆசை இருக்கிறது, கையில் ஒரு 40,000 ரூபாய் வைத்திருக்கிறார் என்று ஒருவரை நினைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன். தொகை உங்களுக்குக் கூடலாம், குறையலாம். கணக்கு மட்டும் மாறாது: கையில் இருப்பதில் நான்கில் ஒரு பங்கைத் தொடாமல் வையுங்கள். அது ரிப்பேருக்கு. முழுத் தொகையையும் பெட்டிக்கே கொடுத்துவிட்டு, வீட்டுக்கு வந்தபின் இரண்டு கட்டை பேசவில்லை என்று தெரிந்தால் அங்கேயே ஆசை முடிந்துபோகும்.

ஐரோப்பாவில் இருக்கிறவர்களுக்கு எழுதப்பட்ட ஆலோசனைகளை அப்படியே இங்கே எடுத்துக்கொள்ள முடியாது. இத்தாலியில் காஸ்டெல்ஃபிதார்தோ என்ற ஊர் இருக்கிறது. பாவோலோ சோப்ரானி 1863-இல் அங்கே அக்கார்டியன் செய்யத் தொடங்கினார். இன்றைக்கும் அந்த ஊருக்கு அதுதான் அடையாளம். அங்கே பாதி கெட்ட பெட்டியை மலிவாக வாங்கி, பக்கத்துத் தெருவில் கொடுத்துச் சரிசெய்வது புத்திசாலித்தனம். மதுரையிலோ திருச்சியிலோ இருந்துகொண்டு அதைச் செய்ய முடியாது. அக்கார்டியனைத் திறந்து வேலை செய்யத் தெரிந்தவர்கள் இங்கே மிகக் குறைவு. சாமான் வெளியிலிருந்து வர வேண்டும். அதனால் கீழே சொல்லும் ஒவ்வொன்றையும் நான் ஒரே கேள்வியை வைத்துத்தான் எடைபோடுகிறேன்: இன்றைக்கு இதை மடியில் வைத்து வாசிக்க முடிகிறதா?

பெட்டிக்குள் என்ன இருக்கிறது

வலது கைக்குப் பியானோ மாதிரி கட்டைகள், இடது கைக்குப் பட்டன்கள் (120 பேஸ், 48 பேஸ் என்று எண்ணுவது இந்தப் பட்டன்களைத்தான்), நடுவில் துருத்தி. துருத்தியைத் திறக்கும்போதும் மூடும்போதும் ஒரு கட்டை ஒரே சுரத்தைத் தர வேண்டும். அதற்காக ஒவ்வொரு சுரத்துக்கும் இரண்டு எஃகு நாக்குகள், ஒரு சின்னத் தகட்டின் இரண்டு பக்கமும் பொருத்தப்பட்டிருக்கும். ரீடு என்று சொல்வது இதைத்தான். ஒன்று திறக்கும்போது பேசும், இன்னொன்று மூடும்போது. காற்று தப்பான நாக்கு வழியாகப் போய் வீணாகாமல் இருக்க, ஒவ்வொன்றுக்கும் எதிரே மெல்லிய தோல் அல்லது பிளாஸ்டிக் பட்டை. இந்தத் தகடுகளை மரச் சட்டத்தில் பிடித்து நிறுத்தியிருப்பது ஆணியோ ஸ்க்ரூவோ இல்லை. பெரும்பாலான பெட்டிகளில் அது தேன்மெழுகும் ரோசினும் கலந்த கலவைதான்.

பழைய பெட்டி கெடுவதெல்லாம் இங்கேதான். வயதானால் மெழுகு காய்ந்து வெடிக்கும், தகடு ஆடும், சில சமயம் கழன்று உள்ளேயே விழும். தோல் பட்டை சுருண்டுகொண்டால் சுரம் தாமதமாக எழும், அல்லது 'டப்' என்று ஒரு சத்தத்தோடு வரும். கடற்கரை ஊர்களில் எஃகு துருப்பிடிக்கும். துரு ஏறிய நாக்கின் எடை மாறும், அதோடு சுருதியும் மாறும். மழைக்காலம் முழுக்க மூடியே வைத்திருந்தால் துருத்தியின் அட்டையில் பூஞ்சை.

ஹார்மோனியம் ரிப்பேர் செய்கிறவரிடம் கொடுத்தால் போதாதா என்று பலர் கேட்கிறார்கள். அவருக்கு நாக்கைச் சுரண்டிச் சுருதி சேர்க்கும் கை இருக்கிறது, காது இருக்கிறது. அது பெரிய விஷயம்தான். ஆனால் ஹார்மோனியத்தில் நாக்கு பித்தளை, காற்று ஒரு திசையில்தான் போகும், ரீடைக் கழற்ற ஸ்க்ரூ டிரைவர் போதும். அக்கார்டியனில் மெழுகை உருக்க வேண்டும், தோல் ஒட்ட வேண்டும், அதற்கு மேல் இடது கைப் பட்டன்களுக்குப் பின்னால் இருக்கும் கம்பிக் காட்டைப் புரிந்துகொள்ள வேண்டும். துருத்தியில் ஓட்டை அடைப்பது, ஸ்ட்ராப் மாற்றுவது, கட்டைக்கு அடியில் ஃபெல்ட் ஒட்டுவது வரை அவரை நம்பிக் கொடுக்கலாம். முழு ட்யூனிங்கும், பேஸ் மெஷின் என்கிற அந்தக் கம்பிக் காடும் வேறு வேலை.

முழு ட்யூனிங் என்றால் எவ்வளவு வேலை? பெரிய பெட்டியில் வலது கையில் 41 கட்டை. நான்கு வரிசை ரீடு இருந்தால், திறக்க ஒன்று மூட ஒன்று என்று 41 × 4 × 2 = 328 நாக்குகள். இது வலது கைக்கு மட்டும். ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சுரண்டிக் கேட்டு, திரும்பவும் சுரண்ட வேண்டும். அதற்கான கூலி நீங்கள் பெட்டிக்குக் கொடுத்த விலையைத் தாண்டிவிடலாம். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே போவோம்.

பெரிய பெட்டி: 120 பேஸ்

முதலில் கண்ணில் படுவது இதுதான், மனதைக் கெடுப்பதும் இதுதான். எலக்ட்ரானிக் கீபோர்டு வந்த பிறகு மெல்லிசைக் குழுக்களில் அக்கார்டியனுக்கு வேலை குறைந்துபோனது. அப்போது மேடையை விட்டு இறங்கிய பெட்டிகள் இன்னும் வீடுகளில் இருக்கின்றன. தாத்தா வாசித்தது, சித்தப்பா வாசித்தது என்று விற்பனைக்கு வருகின்றன. ஜெர்மனியின் ஹோனர், கிழக்கு ஜெர்மனியாக இருந்த பகுதியில் கிளிங்கென்தால் ஊரின் வெல்ட்மைஸ்டர், எப்போதாவது ஒரு இத்தாலிப் பெட்டி. முகப்பில் முத்துச்சிப்பி மாதிரி மின்னும் செல்லுலாய்டு, அதில் பொன்னிற எழுத்து. பார்த்தால் வாங்கத்தான் தோன்றும்.

இடது கையில் 20 நெடுவரிசை, ஒவ்வொன்றிலும் 6 பட்டன். எதிர் பேஸ் (பேஸுக்குத் துணையாக வரும் இன்னொரு தனிச் சுரம்), பேஸ், பிறகு மேஜர், மைனர், செவன்த், டிமினிஷ்ட் கார்டுகள் என்று எல்லாமே இருக்கும். வலது கையில், எந்த ரீடு வரிசை பேச வேண்டும் என்று மாற்றும் ரிஜிஸ்டர் ஸ்விட்சுகள் வரிசையாக. இசைக்கு வேண்டிய எதுவும் குறையாது. ஒரு தேர்ந்த கலைஞர் பத்து வருடம் வாசித்தாலும் இதைத் தாண்டிப் போக வேண்டியதில்லை.

அப்புறம் ஏன் தயக்கம்? முதல் காரணம் எடை. 10 முதல் 12 கிலோ. வைத்துத் தூக்கும் கேஸோடு சேர்த்தால் இன்னும் கூடும். உட்கார்ந்துதான் வாசிக்கப் போகிறோம் என்றாலும், துருத்தியின் இடது பக்கத்தை இழுத்து மூடுவது இடது கை ஒன்றுதான். புதிதாகக் கற்கிறவருக்குப் பத்து நிமிடத்தில் தோள்பட்டை பேசும். உயரம் குறைந்தவர்களுக்குக் கட்டைப் பலகை மோவாயில் இடிக்கும். ஆசையாக வாங்கியவர்கள் வாசிக்காமல் விடுவதற்கு எடை மாதிரி சத்தமில்லாத காரணம் வேறு கிடையாது. கேட்டால் நேரமில்லை என்பார்கள்.

இரண்டாவது காரணம் மேலே சொன்ன 328. பெட்டி பெரிதாக ஆக, கெடக்கூடிய இடங்களும் கூடுகின்றன. ஐம்பது வயதான 120 பேஸ் பெட்டி எல்லா ஸ்விட்சிலும், இரண்டு திசையிலும், சுத்தமாகப் பேசினால் அது அபூர்வம். அப்படி ஒன்றை யாராவது பராமரித்து வைத்திருந்து, கொடுக்கவும் முன்வந்தால், அவர் அதன் மதிப்புத் தெரிந்தவர். மலிவாகக் கொடுக்கமாட்டார், கொடுக்கவும் வேண்டாம். மலிவாக வரும் 120 பேஸ் பெரும்பாலும் ஏதோ ஒரு காரணத்தால்தான் மலிவாக வருகிறது.

இந்தப் பெட்டியை நான் யாருக்குச் சொல்வேன் என்றால், உடலில் வலு இருந்து, கூடவே பழக்கமான வாத்தியக்காரர் ஒருவர் வந்து வாசித்துப் பார்த்துச் சரி என்று சொல்லக்கூடியவருக்கு மட்டும். மற்றவர்கள் ஆசையாகத் தொட்டுப் பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போகலாம்.

சின்னப் பெட்டி: 12 முதல் 48 வரை

இன்னொரு கோடியில், பள்ளிப் பிள்ளைகளுக்கென்று வரும் சின்னப் பெட்டிகள். 7 கட்டை, 17 கட்டை வைத்து விற்பவை பொம்மைகள். அவற்றைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. 25 கட்டை 12 பேஸ் கொஞ்சம் மேல். 4 கிலோவைச் சுற்றித்தான் எடை. ஆனால் இடது கையில் ஆறே ஆறு பேஸ், ஆறே ஆறு மேஜர் கார்டு. மைனர் கார்டுக்குப் பட்டனே கிடையாது. ஏ பேஸோடு சி மேஜரைச் சேர்த்து அழுத்தினால் ஏ மைனர் செவன்த் கிடைக்கும் என்பது மாதிரி சில தந்திரங்கள் உண்டு. ஆனால் தந்திரத்திலேயே ஒரு பாட்டு முழுக்க ஓட்ட முடியாது. நம் சினிமாப் பாட்டுகளில் மைனர் இல்லாமல் எத்தனை தேறும்?

நம் ஊர்க்காரர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: சுருதிக் கட்டை. இங்கே பாடுகிறவர் சுருதியை 1 கட்டை, 5½ கட்டை என்றுதான் சொல்வார். 5½ கட்டை என்றால் ஜி ஷார்ப், அதாவது அக்கார்டியன் பட்டன் கணக்கில் ஏ ஃபிளாட். இடது கைப் பட்டன்கள் பியானோ வரிசையில் இருக்காது. சி-க்குப் பக்கத்தில் ஜி, அதற்குப் பக்கத்தில் டி என்று ச-ப, ச-ப ஆக அடுக்கியிருப்பார்கள். நடுவில் இருக்கும் சி பட்டனில் ஒரு குழியோ கல்லோ வைத்து அடையாளம் செய்திருப்பார்கள். 6 நெடுவரிசை உள்ள 12 பேஸில் 1 கட்டை, 2 கட்டை, 5 கட்டை எல்லாம் சௌகரியம். 5½ கட்டைக்குப் போனால் பட்டனே இல்லை. 8 நெடுவரிசை உள்ள 32 பேஸிலும் ஓரத்துச் சுருதிகள் விடுபடும். 12 நெடுவரிசை வந்தால்தான் பன்னிரண்டு சுரமும் ஒருமுறையாவது இருக்கும். ஹார்மோனியத்தில் மாதிரி ஸ்கேல் சேஞ்சர் இங்கே கிடையாது. ஆகவே பாடுகிறவர்களோடு சேர்ந்து வாசிக்கும் எண்ணம் இருந்தால், பேஸ் எண்ணிக்கையை விட நெடுவரிசையை எண்ணுங்கள். 12-க்குக் கீழே போக வேண்டாம்.

அந்தக் கணக்கில் 48 பேஸ் தேறுகிறது. பெரும்பாலும் 12 நெடுவரிசை, ஒவ்வொன்றிலும் பேஸ், மேஜர், மைனர், செவன்த் என்று நான்கு. வலது கையில் 26 கட்டை, இரண்டு ஸ்தாயியும் ஒரு சுரமும். எடை 5, 6 கிலோ. பத்து பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கோ, ஒல்லியான உடம்புக்காரருக்கோ இது பொருத்தம். பெரும்பாலான சினிமாப் பாட்டின் மெட்டு இரண்டு ஸ்தாயிக்குள் அடங்கும். இடையிசையில் வரும் ஓட்டங்கள்தான் கட்டை தீர்ந்துபோய் நிற்கும்.

பழைய சந்தையில் கிடைக்கும் 48 பேஸ் பெட்டிகளில் சீனத் தயாரிப்புகள் பல. தியான்ஜின் நகரத்தில் செய்யப்படும் பேரட் அவற்றில் பேர் போனது. சீனப் பெட்டி என்றதும் முகம் சுளிக்கத் தேவையில்லை. இன்றைய ஹோனர் பிராவோ வரிசையும் சீனாவில் செய்யப்படுவதுதான். பெயரைப் பார்த்து விலை கொடுக்க வேண்டாம் என்பதற்கு இதுவே போதும். சீனப் பெட்டிகளுக்கு இடையே ஏற்றத்தாழ்வு அதிகம், அது உண்மை. ஒரே மாடலில் ஒன்று நன்றாகவும் இன்னொன்று கட்டையெல்லாம் கடகடவென்றும் இருக்கும். நேரில் வாசித்துப் பார்த்து வாங்கினால் பயமில்லை.

சின்னப் பெட்டிகளில் ஒரு சிக்கல் எளிதில் தெரியாது. பலவற்றில் இரண்டு வரிசை ரீடுதான். இரண்டையும் வேண்டுமென்றே ஒன்றுக்கொன்று துளி விலக்கிச் சுருதி வைத்திருப்பார்கள். அந்த விலகல்தான் அக்கார்டியனுக்கே உரிய நடுக்கத்தைத் தருகிறது. ஸ்விட்ச் இல்லாத பெட்டியில் இந்த நடுக்கத்தை நிறுத்த முடியாது. எது வேண்டுமென்று வைத்த நடுக்கம், எது வயதால் கலைந்த சுருதி என்று புதியவர் காதுக்குப் பிரித்துச் சொல்லத் தெரியாது. ஒரு வழி: பக்கத்துப் பக்கத்துக் கட்டைகளை மெதுவாக வரிசையாக வாசியுங்கள். நடுக்கத்தின் வேகம் கீழிருந்து மேலே போகப் போகச் சீராகக் கூடினால் சரி. ஒன்று வேகமாக, அடுத்தது மந்தமாக, அதற்கடுத்தது அழுவது மாதிரி வந்தால் ட்யூனிங் போய்விட்டது.

நடுப் பெட்டி: 72, 80, 96

என் ஓட்டு இதற்குத்தான். 34 அல்லது 37 கட்டை, 7 முதல் 9 கிலோ. 72 பேஸ் என்றால் பெரும்பாலும் 12 நெடுவரிசையில் ஆறாறு பட்டன், 80 என்றால் 16-இல் ஐந்தைந்து, 96 என்றால் 16-இல் ஆறாறு. எதிர் பேஸ் வரிசை இருப்பதால் இடது கையில் வெறும் 'டும் சக்' தாண்டி, நடந்து போகும் பேஸ் வரிகளையும் பழகலாம். வலது கையில் மூன்று வரிசை ரீடு இருந்தால், ஒரு ரீடு மட்டும் பேசும் ஸ்விட்ச், நடுக்கத்தோடு பேசும் ஸ்விட்ச், கீழ் ஸ்தாயி சேர்ந்து கனமாகப் பேசும் ஸ்விட்ச் என்று குரல்கள் கிடைக்கும். வளர்ந்தவர் ஒருவர் சில வருடம் இதைக் கீழே வைக்க வேண்டியிருக்காது.

குறை என்னவென்றால் கிடைப்பது கடினம். பெரிய பெட்டிகள் மேடையிலிருந்து வந்தவை, சின்னப் பெட்டிகள் பிள்ளைகள் விட்டவை. நடுப் பெட்டிக்காரர் அதை வாசித்துக்கொண்டே இருப்பார், விற்க வரமாட்டார். காத்திருக்க வேண்டும். சர்ச் பாடகர் குழுக்களில் விசாரியுங்கள். பழைய ஆர்கெஸ்ட்ராக்காரர்கள், கீபோர்டு வகுப்பு எடுப்பவர்கள், சென்னையில் சினிமா ரெக்கார்டிங்கில் வாசித்த குடும்பங்கள் என்று வாய்ச்சொல்லில் தேடினால் இணைய விளம்பரத்தைவிட நல்லது வரும். வாசித்தவரிடமிருந்தே வாங்குவதில் ஒரு லாபம்: எந்தக் கட்டை மழைக்காலத்தில் மக்கர் பண்ணும் என்று அவரே சொல்லிவிடுவார்.

காத்திருக்க முடியாது என்றால் நல்ல 48-ஐ வாங்கி வாசித்துக்கொண்டே 72-ஐத் தேடுங்கள். சுமாரான 120-ஐ வாங்கி வைத்துக்கொண்டு தேட வேண்டாம். வாசிக்கும் நிலையில் இருக்கும் 48 பேஸை நீங்கள் கிட்டத்தட்ட வாங்கிய விலைக்கே அடுத்த பிள்ளைக்கு விற்றுவிடலாம். பேசாத 120-ஐ யாரிடம் தள்ளுவது?

மற்ற வழிகள், சுருக்கமாக

புதிய பெட்டி: அதே 40,000-க்குப் புதிதாக ஒரு சின்ன சீனப் பெட்டி வரக்கூடும். மெழுகும் தோலும் புதிது, பூஞ்சை பயம் இல்லை. கடைக்காரர் எடுத்து வைத்து எல்லாக் கட்டையும் வாசித்துக் காட்டினால் வாங்கலாம், அதுவும் 12 நெடுவரிசை இருந்தால். அட்டைப் பெட்டியைப் பிரிக்காமல் வாங்கி வராதீர்கள்.

வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவருவது: ஜெர்மனி, பிரான்ஸ், சுவிட்சர்லாந்தில் இருக்கும் நம் ஆட்களுக்கு அங்கே நல்ல 72 பேஸ் கிடைப்பது சுலபம். ரிப்பேர்காரரிடம் ஒருமுறை காட்டிவிட்டு வாங்கலாம் என்பதே பெரிய வசதி. ஆனால் விமானத்தில் கைப்பையாக ஏறாது, சாமான் கிடங்கில்தான் போகும். குளிரில் மெழுகு நொறுங்கும் தன்மைக்கு வரும், அதன் மேல் ஒரு தூக்கிப் போடல் விழுந்தால் தகடுகள் கழன்றுவிடும். கனமான ஃபோம் சுற்றி, கடினமான பெட்டியில் வைத்தால் மட்டும் கொண்டுவரச் சொல்லுங்கள். பழைய பொருளுக்கான சுங்க விதியையும் டிக்கெட் போடுவதற்கு முன்பே பார்த்துவிடச் சொல்லுங்கள்.

கட்டைக்குப் பதில் வலது கையிலும் பட்டன் வைத்த பெட்டிகள்: இவற்றில் ஒரு வகை, மவுத் ஆர்கன் மாதிரி, திறக்கும்போது ஒரு சுரமும் மூடும்போது வேறொரு சுரமும் தரும். ஐரோப்பிய நாட்டுப்புற நடனங்களுக்கு அருமையான வாத்தியம். ஹார்மோனியக் கையோடு வருகிறவருக்கு எல்லாமே தலைகீழ். சொல்லித்தரவும் இங்கே ஆள் கிடைப்பது அரிது. மலிவாக இருக்கிறது என்று தெரியாமல் வாங்கிவிடாதீர்கள்.

டிஜிட்டல்: ரோலண்ட் 2004-இல் வி-அக்கார்டியனைக் கொண்டுவந்தது. ரீடே கிடையாது, ட்யூனிங் கிடையாது, ஹெட்ஃபோன் மாட்டி ராத்திரியிலும் வாசிக்கலாம். நம் ஊர் வெயிலுக்கும் ஈரத்துக்கும் உண்மையில் இதுதான் சரியான விடை. விலை மட்டும் நாம் பேசும் இடத்துக்கு இறங்கி வராது.

போய்ப் பார்க்கும்போது

முதலில் மூக்கு. இடது கைப் பக்கம் காற்று விடும் பட்டன் ஒன்று இருக்கும். அதை அழுத்தித் துருத்தியைத் திறந்து மூடி, வெளியே வரும் காற்றை முகர்ந்து பாருங்கள். ஈரச் சுவர் வாசனை வந்தால் அங்கேயே நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பலாம். பிறகு பெட்டியை மெல்லச் சாய்த்துப் பாருங்கள். உள்ளே ஏதாவது உருண்டால் அது கழன்ற ரீடாக இருக்க வாய்ப்பு அதிகம்.

அடுத்து காற்று. துருத்தியின் மேல் கீழ் வார்களைக் கழற்றி, வலது பக்கத்தை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்து, எந்தக் கட்டையும் அழுத்தாமல் இடது பக்கத்தைத் தொங்க விடுங்கள். நல்ல துருத்தி மெதுவாக, தயங்கித் தயங்கி இறங்கும். சடாரென்று விழுந்தால் எங்கோ ஓட்டை. (கீழே மெத்தை வைத்துக்கொள்ளுங்கள், விற்பவர் மனசு பதறும்.) ஓட்டை துருத்தியின் மூலையில் என்றால் தோல் வைத்து அடைக்கலாம். கட்டைகளின் அடி மூடிகள் சரியாக உட்காராமல் காற்று ஒழுகினால் வேலை அதிகம்.

இனி காது. ஒற்றை ரீடு பேசும் ஸ்விட்ச் இருந்தால் அதிலிருந்து தொடங்கி, கீழிருந்து மேல் வரை ஒவ்வொரு கட்டையையும் திறக்கும்போது ஒருமுறை, மூடும்போது ஒருமுறை. அடுத்த ஸ்விட்ச், திரும்பவும் அதே. அவசரப்படாதீர்கள். விற்பவர் டீ குடிக்கக் கூப்பிட்டாலும் முடித்துவிட்டுக் குடியுங்கள். ஒரு திசையில் மட்டும் பேசாத கட்டை, மெல்ல அழுத்தினால் எழாத கட்டை, வேகமாகக் காற்று கொடுத்தால் திணறும் கட்டை, விரலை எடுத்த பிறகும் முனகிக்கொண்டே இருக்கும் கட்டை, எல்லாவற்றையும் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். இடது கையில் ஒவ்வொரு பட்டனும் தனியாக இறங்கித் தனியாக ஏற வேண்டும். ஒன்றை அழுத்தும்போது பக்கத்திலிருப்பதும் சேர்ந்து உள்ளே போய் மாட்டிக்கொண்டால் விட்டுவிடுங்கள், எவ்வளவு மலிவாக இருந்தாலும்.

செல்போனில் ட்யூனர் ஆப் வைத்து ஒற்றை ரீடு ஸ்விட்சில் ஏ-வைப் பாருங்கள். பல பெட்டிகள் 440 ஹெர்ட்ஸுக்கு இல்லாமல் 442-க்கு வைக்கப்பட்டிருக்கும். வித்தியாசம் சுமார் 8 சென்ட், அரைச்சுரத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு. தனியாக வாசிக்கத் தெரியாது. கீபோர்டோடு சேர்ந்து வாசித்தால் உறுத்தும், கீபோர்டை 442-க்கு ஏற்றிக்கொண்டால் தீர்ந்தது. எல்லாக் கட்டையும் ஒரே அளவில் ஏறியிருந்தால் அது குறையே இல்லை. கட்டைக்கொரு பக்கம் விலகியிருந்தால்தான் பிரச்சினை.

தூரத்து ஊர் என்றால் வீடியோ கேளுங்கள். பாட்டு வாசித்து அனுப்பினால் போதாது, நல்ல கட்டைகளில் மட்டும் ஓடும் பாட்டை எவரும் வாசித்துவிடலாம். ஒவ்வொரு கட்டையாக, இரண்டு திசையிலும், வெட்டாமல் எடுத்த வீடியோ வேண்டும் என்று சொல்லுங்கள். தர மறுத்தால் காரணம் கேட்கவும் வேண்டாம்.

பேரம் பேசும்போது எதை விட்டுக்கொடுக்கலாம்? கிழிந்த ஸ்ட்ராப், கீறல், காணாமல் போன கேஸ், மஞ்சளான கட்டை, கடகடக்கும் ஃபெல்ட், இவை எல்லாம் விலையைக் குறைக்க உதவும், வாசிப்பைக் கெடுக்காது. ஒன்றிரண்டு கட்டை ஒரு திசையில் பேசவில்லை என்றால் தூசியாகவும் இருக்கலாம். ஒதுக்கி வைத்த நான்கில் ஒரு பங்குப் பணம் அதற்குப் போதும் என்று நினைத்து வாங்கலாம். ஐந்தாறு கட்டைக்கு மேல் போனால், தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு கிளம்புங்கள். மெழுகு விட்டுக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். இன்றைக்கு ஆறு, பொங்கலுக்குள் பத்தாகும்.

வாங்கியாகிவிட்டதா? கத்திரி வெயிலில் காருக்குள் பூட்டிவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள். தேன்மெழுகு உருகுவது 60 டிகிரிக்குச் சற்று மேலே, இளகுவது அதற்கு வெகு முன்பே. பஸ்ஸில் வந்தால் மேலே சாமான் தட்டில் போடாமல் மடியில் வைத்துக்கொள்ளுங்கள், துருத்தி வார்களைப் பூட்டிவிட்டு. வீட்டில் படுக்க வைக்காமல், வாசிக்கும் வாக்கிலேயே கால்கள் தரையில் இருக்க நிறுத்தி வையுங்கள், தோல் பட்டைகள் தொய்யாமல் இருக்கும். கேஸுக்குள் இரண்டு சிலிக்கா ஜெல் பாக்கெட். ஐப்பசி கார்த்திகையில் வாசிக்க நேரமில்லாவிட்டாலும் தினம் ஐந்து நிமிடம் திறந்து மூடுங்கள், எல்லாக் கட்டைக்கும் காற்று போகட்டும்.

ஒரு சுரம் பேசவில்லை என்று ஸ்க்ரூ டிரைவரோடு உட்காருவதற்கு முன், அந்தக் கட்டையை அழுத்திக்கொண்டு துருத்தியைப் பலமாக இரண்டு திசையிலும் மாற்றி மாற்றி இழுத்துப் பாருங்கள். பாதி நேரம் தூசிதான், வெளியே வந்துவிடும்.